பங்களித்தோர் பட்டியல்

பட்டியலில் மொத்தம் முப்பத்தெட்டுப் பெயர்கள். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லித்தான் ஷஃபி அந்தத் தாளைத் தங்கையிடம் கொடுத்தான். ஃபாயிசா மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தாள். கீழிருந்து மேலே ஒரு தடவை படித்தாள். பிறகு பதினேழாவது வரியில் விரலை வைத்தவள் எடுக்கவே இல்லை. எழுத்துப்பிழை எதுவும் கிடையாது. 'ஹெச். ஷஃபி அண்ட் சிஸ்டர், மரக்காணம்' என்று சுத்தமாக அச்சாகியிருந்தது.

"அண்ணே, இது என்ன?"

"என்னது? ஸ்பெல்லிங் மிஸ்டேக்கா?"

"இந்த சிஸ்டர் யாரு?"

ஷஃபி சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவனுக்கு வினையாக முடிந்தது. "நீதாம்மா. எனக்கு வேற யாரு இருக்கா?"

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் ஷஃபி நெட் சென்டர் வந்து மூன்று வருஷம் ஆகிறது. நாலு கம்ப்யூட்டர், அதில் ஒன்று துணித்திரைக்குப் பின்னால், பெண்களுக்கு. முதலில் எல்லாக் கடைகளையும் போல யாரோ கொடுத்த திருட்டு சிடியிலிருந்து ஏற்றியதுதான் உள்ளே ஓடியது. 2004-இல் பாண்டிச்சேரியில் ரெய்டு வருகிறது, கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஷஃபி இரண்டு நாள் கடை ஷட்டரைப் பாதிதான் தூக்கினான். மூன்றாம் நாள் நாலு கம்ப்யூட்டரையும் துடைத்துப் போட்டுவிட்டு லினக்ஸ் என்கிற இலவச மென்பொருளை ஏற்றினான். காசும் கொடுக்க வேண்டாம், யாருக்கும் பயப்படவும் வேண்டாம்.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்காதீர்கள். "ஏம்பா, ஸ்டார்ட் பட்டனையே காணோம்?" என்று ஒருவர் பாதியில் எழுந்து போனார். "ஓசியா? அப்ப உள்ள வைரஸ் இருக்கும்" என்று இன்னொருவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அவனுடைய அத்தா ஹபீப் முஹம்மது பதினெட்டு வருஷம் அரபு நாட்டில், தம்மாமில் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு வந்து, இப்போது உப்பு மூட்டைகளை லாரி ஏற்றி அனுப்புகிற வியாபாரம் பார்ப்பவர். உலகத்தை அளந்து முடித்துவிட்டதாக அவருக்கு எண்ணம். "எவன்டா உழைச்சிட்டுச் சும்மா குடுப்பான்? பின்னாடி என்னவோ இருக்குது, பாத்துக்க" என்று கடை வாசலில் நின்றபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்துக் கடை வேல்முருகனை எடுத்துக்கொள்ளுங்கள். மீனவர் குப்பத்துக்காரன். கடலுக்குப் போவதை விட்டுவிட்டு எம்பி3 சிடி அடித்து விற்கிறவன். படம் தியேட்டருக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்னால் பாட்டு அவனிடம் வந்துவிடும். லினக்ஸ் சிடியோடு சில பாட்டுகளும் வந்திருந்தன. யார் வேண்டுமானாலும் கேட்கலாம், பிரதி எடுக்கலாம், ஊருக்கெல்லாம் கொடுக்கலாம் என்று பாடியவர்களே எழுதிக் கொடுத்திருந்த பாட்டுகள். ஷஃபி ஆசையாக அதை அவனிடம் நீட்டினான். வேல்முருகன் கையால் தொடவில்லை. "காப்பி பண்ணிக்கோன்னு அவனே சொல்றானா? அப்ப அந்தப் பாட்டு வெளங்காதுபா. நல்ல பாட்டா இருந்தா ஏன் சும்மா வுடப்போறான்?" என்றான். திருட்டு சிடி விற்கிறவனுக்கே இலவசம் என்றால் இளக்காரம்.

இந்த இளக்காரத்தைக் கண்டால்தான் ஃபாயிசாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். திண்டிவனத்தில் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தவள் அவள். அண்ணன் சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்கிற மத்தியான நேரத்தில் கடையைப் பார்த்துக்கொள்வாள். லினக்ஸோடு வருகிற இலவச மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கச் சென்னையில் ஒரு குழு ஆள் தேடுவது அவள் கண்ணில்தான் பட்டது. எழுதுவதற்கும் கணக்குப் போடுவதற்குமான மென்பொருள். அதில் வருகிற ஒவ்வொரு ஆங்கில வரிக்கும் கீழே ஒரு தமிழ் வரி எழுத வேண்டும். கூலி கிடையாது. மொத்தம் நாலாயிரத்து முந்நூறு வரி அவள் பங்குக்கு வந்தது. பதினாலு மாதம் எழுதினாள். அது சிடியாக வரும்போது உடன் அச்சாகப்போகிற பெயர்ப்பட்டியல்தான் ஷஃபி கொடுத்த அந்தத் தாள்.

சும்மா அகராதியைப் புரட்டி எழுதியவள் இல்லை. கணக்குப் பக்கத்தில் வருகிற கட்டங்களுக்கு என்ன பெயர் வைப்பது என்று குழுவில் மூன்று வாரம் சண்டை நடந்தது. மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது அவளுக்குத் தெரிவதெல்லாம் உப்பளம்தான். கட்டம் கட்டமாக, வரிசை வரிசையாக. 'பாத்தி' என்று எழுதினாள். கட்டத்தைச் சுற்றி வருகிற கோட்டுக்கு 'வரப்பு'. சென்னைக்காரர்கள் முதலில் முறைத்தார்கள், பிறகு மடங்கினார்கள். "அருமை ஷஃபி சார்" என்று குழுவை நடத்துகிற தங்கராசு பதில் எழுதினார்.

ஷஃபி சார். ஏனென்றால் மெயில் ஐடி ஷஃபியுடையது. அதில்தான் குழுவில் சேர்ந்தார்கள், அதில்தான் கோப்பு அனுப்பினார்கள். அப்போதே தன் பெயரில் ஒரு ஐடி தொடங்கியிருக்க வேண்டும். வேலை முடியட்டும், பெயர் போடும்போது சரியாகிவிடும் என்று விட்டுவிட்டாள். அவள் செய்த ஒரே முட்டாள்தனம் அதுதான், அதற்காகத் தன்னைத்தானே இப்போது திட்டிக்கொண்டாள்.

"இந்த மென்பொருளோட உரிமத்துல என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சியா அண்ணே? யாரும் எடுக்கலாம், மாத்தலாம், விக்கக்கூடச் செய்யலாம். செஞ்சவங்க பேரை மட்டும் அழிக்கக் கூடாது. எல்லாத்தையும் குடுத்துட்டு நாம வெச்சுக்கிற ஒண்ணே ஒண்ணு பேருதான். அதையும் நீ எடுத்துக்கிட்டியா?"

"நான் எங்க எடுத்தேன்? சிஸ்டர்னு போட்டிருக்கேன்ல?"

"சிஸ்டர்ங்கிறது பேரா?"

ஷஃபி குரலைத் தாழ்த்தினான். கஸ்டமர் ஒருவர் திரும்பிப் பார்த்ததுதான் காரணம். "ஏம்மா கத்துற? நம்மள்ல கல்யாணப் பத்திரிகையிலயே பொண்ணு பேரு போடறதில்ல. தீன்குலச் செல்வின்னுதான் போடுவாங்க. இது ஆயிரம் சிடி அடிச்சு ஊர் உலகமெல்லாம் போறது, இன்டர்நெட்ல வேற வருது. கிளியனூர் ஆளுங்க வெள்ளிக்கிழமை உன்னைப் பாக்க வர்றாங்க. அவங்க என்ன நெனைப்பாங்க? உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"அப்ப உன் பேரு எதுக்கு முன்னாடி?"

"கடை யாருது? கம்ப்யூட்டர் யாருது? பதினாலு மாசம் கரன்ட் பில்லு யாரு கட்டினா?"

பாருங்கள், நல்லது எவ்வளவு சீக்கிரம் கரன்ட் பில்லாகிவிட்டது! வரும் ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரியில் சிடி வெளியீட்டு விழா. மொழிபெயர்த்தவர்களுக்கு மேடையில் ஷீல்டு கொடுக்கிறார்கள். அதற்காக ஷஃபி இளநீலத்தில் ஒரு சட்டை தைக்கக் கொடுத்திருந்தான். தையல்காரரிடம் கேட்டிருந்தால் அந்தச் சிஸ்டர் விவகாரம் முன்னாலேயே புரிந்திருக்கும். "நானே தமிழ்ப்படுத்தின கம்ப்யூட்டருங்க" என்றுதான் அங்கே அளந்துவிட்டு வந்திருந்தான்.

ஃபாயிசா அன்றைக்கே கடையில் தனக்கென்று ஒரு ஐடி தொடங்கித் தங்கராசுவுக்கு எழுதினாள். பதில் ஒரு மணி நேரத்தில் வந்தது. மரியாதையான பதில்தான். 'சகோதரி, தாங்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் பதிவு செய்த முகவரியிலிருந்து வந்தால்தான் திருத்த முடியும். இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் யார் பெயரையும் மாற்றச் சொல்லலாம். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு சிடி வட்டு அச்சுக்குப் போகிறது.' அப்படியானால் நான் எழுதியதையெல்லாம் எடுத்துவிடுங்கள் என்று மறுபடி எழுதினாள். அதற்கும் பதில் வந்தது. ஒரு தடவை கொடுத்ததைத் திருப்பி வாங்க உரிமத்தில் இடமில்லையாம். அவளுக்குத் தெரியாததா? அந்த உரிமத்தைத் தமிழில் எழுதியதே அவள்தான்.

ஷஃபியின் பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியும். அவனுடைய பைக் நம்பர்தான். ஒரு நிமிஷ வேலை. கையை விசைப்பலகைக்குக் கொண்டுபோனாள், திரும்ப எடுத்துக்கொண்டாள். என் பெயரை நானே திருட்டுத்தனமாகப் போட்டுக்கொள்ள வேண்டுமா? எடுத்தவன் தன் கையால் திருப்பித் தரட்டும்.

வேல்முருகன் சில்லறை மாற்ற வந்தவன், முழுக் கதையையும் கேட்டுக்கொண்டு நின்றான். "இன்னாபா ஷஃபி இது? நான் விக்கிறது திருட்டு சிடிதான், ஒத்துக்கிறேன். ஆனா கவர்ல பாடுனவங்க பேரு, மியூசிக் போட்டவங்க பேரு, பாட்டு எழுதுனவங்க பேரு எல்லாம் கரெக்டா இருக்கும். ஒரு பேரு வுட்டதில்ல. நீ திருட்டே வேணாம்னு லினக்ஸ் போட்டவன், தங்கச்சி பேரையே அடிச்சிட்டியே."

"உன் வேலையப் பாத்துட்டுப் போடா" என்றான் ஷஃபி. ஆனால் காது சிவந்துவிட்டது.

வீட்டில் அத்தாவிடம் போனாள் ஃபாயிசா. அவர் நியாயம் பார்ப்பார் என்று ஒரு நம்பிக்கை. ஹபீப் முஹம்மது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, தாளைப் படித்து, மடித்துக் கொடுத்தார். "இதுல என்னம்மா குறைச்சல்? நம்ம வீட்டுப் பேரு வந்திருக்குது. ஒரு பொம்பளப் புள்ள பேரு அந்நியன் வாயில எல்லாம் அடிபடணுமா? குடும்பத்து மானம், இஜ்ஜத்துன்னு ஒண்ணு இருக்குது."

"நம்ம ஊரு உப்பை மூட்டை மூட்டையா நீங்க அனுப்புறீங்க. எவனோ அதை அரைச்சு பாக்கெட்ல போட்டு அவன் பேரை அச்சடிச்சு விக்கிறான். மரக்காணம்னு ஒரு எழுத்து அதுல இருக்குதான்னு நீங்க எத்தனை நாள் திட்டியிருப்பீங்க அத்தா? அப்ப மட்டும் எரியுதே?"

"அது வியாபாரம்."

"இது என் மூளை."

பதில் வராத அப்பாக்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார் ஹபீப் முஹம்மது. "வாய் நீளுது" என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அம்மா சாயிரா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என் கல்யாணப் பத்திரிகையில கூடத்தான் என் பேரு இல்ல. நான் என்ன கொறஞ்சா போயிட்டேன்? விடுடி."

"நீங்க கொறஞ்சு போகலம்மா. ஆனா அதை இன்னிக்கு வரைக்கும் ஞாபகம் வெச்சிருக்கீங்களே, ஏன்?"

சாயிரா கரண்டியோடு உள்ளே போய்விட்டாள்.

அந்த ராத்திரி ஃபாயிசா அழுதாள். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். விடிந்ததும் கண்ணைக் கழுவிக்கொண்டு ஒரு முடிவோடு எழுந்தாள். அவள் பெயர் இந்த வீட்டுக்கு வேண்டாம் என்றால், வேண்டாம்தான்.

"ஃபாயிசா, டீ ஆறுது" என்றாள் அம்மா. பதில் இல்லை. "ஃபாயிசா! காது கேக்கலையா?" அவள் எதிரிலேயே உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள். "அப்படி யாரும் இந்த வீட்டுல இல்லையே. சிஸ்டர்னு கூப்பிடுங்க, வர்றேன்."

முதலில் சிரித்தார்கள். விளையாட்டு என்று நினைத்தார்கள். புதன்கிழமை அடுப்பில் பால் வைத்துவிட்டு சாயிரா கொல்லைப்பக்கம் போனாள். "ஃபாயிசா, பாலைப் பாரு!" என்று அங்கிருந்து கத்தினாள். ஃபாயிசா பாலைப் பார்த்தாள். பொங்கி வருவதைப் பார்த்தாள், அடுப்பெல்லாம் வழிவதைப் பார்த்தாள், கைக்கெட்டும் தூரத்தில் நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. ஹபீப் முஹம்மது மாத்திரை கேட்டு மூன்று தடவை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, தானே எழுந்து போய் எடுத்துக்கொண்டார். சிஸ்டர் என்று கூப்பிட அவருக்கு நாக்கு வரவில்லை. அண்ணனிடம் அவள் பேச்சையே நிறுத்திவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, நாலரை மணி வாக்கில் கிளியனூர்க்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை ஷார்ஜாவில். அவனுடைய அம்மாவும் தாய்மாமனும் வந்திருந்தார்கள். மாமன் முன்னறையில் ஹபீப் முஹம்மதுவோடும் ஷஃபியோடும் உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் அம்மா உள்ளறையில், ஃபாயிசாவுக்கு எதிரில். நடுவே ஒரு திரைதான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும்.

"லட்சணமா இருக்குதும்மா உன் முகம். பேரு என்ன?" என்றாள் அந்த அம்மா.

ஃபாயிசா புன்னகையோடு உட்கார்ந்திருந்தாள். அவ்வளவுதான். சாயிரா அவசரமாக, "ஃபாயிசாங்க" என்றாள்.

"பொண்ணு சொல்லட்டுமே. குரலைக் கேப்போம்."

"எனக்குப் பேரு இல்லைங்க" என்றாள் ஃபாயிசா, நல்ல தெளிவான குரலில்.

முன்னறையில் பேச்சு நின்றது. மாமன் சிரித்து மழுப்பப் பார்த்தார். "புரோக்கர் சொன்னாரு, எனக்கும் மறந்துபோச்சு. பொண்ணு பேரு என்னங்க?"

"ஃபாயிசா" என்றார் ஹபீப் முஹம்மது.

"அப்படி யாரும் இங்க இல்லைங்க" என்றது திரைக்கு உள்ளிருந்து குரல்.

"ஃபாயிசாங்க. என் மக பேரு ஃபாயிசா" என்று அவர் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

"வேணும்னா லிஸ்ட்டு காட்டுறேங்க. ஆயிரம் சிடியில அச்சாகப் போவுது. சிஸ்டர்னுதான் இருக்குது, பேரு இல்ல." ஃபாயிசா மடியில் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து மாப்பிள்ளையின் அம்மாவிடம் கொடுத்தாள். அந்த அம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. பொண்ணுக்குச் சித்தம் சரியில்லையோ என்கிற பார்வையோடு சாயிராவைத் திரும்பிப் பார்த்தாள். சாயிரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரையை விலக்கிக்கொண்டு ஹபீப் முஹம்மது உள்ளே வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஃபாயிசாவும் நினைத்தாள், நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

"இவ ஃபாயிசா!" என்று கத்தினார் அவர். குரல் உடைந்துவிட்டது. "இவ பொறந்தப்ப நான் தம்மாம்ல இருந்தேன். மூஞ்சியக்கூட நான் பாக்கல. ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் பாத்தேன். இந்தப் பேரை மட்டும்தான் லெட்டர்ல எழுதி அனுப்ப முடிஞ்சுது என்னால. இவளா பேரு இல்லாதவ?"

மாமன் எழுந்துகொண்டார். "நாங்க போயிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்றார். சொல்லி அனுப்பினால் என்ன சொல்லி அனுப்புவார்கள் என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். டீ பாதியில் நின்றது; பலகாரத்தைத் தொடவே இல்லை. வாசலில் அவர்கள் செருப்பு மாட்டுகிற சத்தம் அடங்கியது.

"திருப்தியாடி?" என்றாள் சாயிரா அழுதுகொண்டே. "நல்ல எடம். கெடுத்துக்கிட்டியே."

"பேரு இல்லாதவளை அவங்க என்னன்னு கூட்டிட்டுப் போவாங்கம்மா?"

ஹபீப் முஹம்மது நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். கோபம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் சுற்றிவிட்டுக் கடைசியில் மகன் மேல் போய் விழுந்தது. "டேய் ஷஃபி! அந்தப் பேரை எங்க போடணுமோ அங்க போட்டுத் தொலை. மூணு நாளா என் புள்ளையக் கூப்பிட எனக்கு ஒரு பேரு இல்ல இந்த வீட்டுல. ஓடு!"

மணி ஐந்தேகால். ஷஃபி செருப்பை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தான். கூப்பிடாமலேயே ஃபாயிசா பின்னால் ஏறிக்கொண்டாள். கடை வருகிற வரை உப்புக்காற்று முகத்தில் அறைந்துகொண்டே வந்தது.

கடையில் கூட்டமில்லை. ஷஃபி மெயிலைத் திறந்து தங்கராசுவுக்கு எழுதத் தொடங்கினான். 'பதினேழாவது வரியில் திருத்தம்' என்று போட்டு, அதன் கீழே தட்டினான்: 'ஹெச். ஷஃபி மற்றும் அவர் தங்கை ஃபாயிசா, மரக்காணம்.'

"போதுமா?" என்றான் திரும்பாமல்.

மூன்று நாளைக்குப் பிறகு அவள் அண்ணனிடம் பேசினாள். "நாலாயிரத்து முந்நூறு வரியில நீ எழுதினது எத்தனை?"

"ஃபாயிசா..."

"ஒரே ஒரு வரி காட்டு. உன் பேரு இருந்துட்டுப் போவட்டும்."

ஷஃபி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். காட்ட ஒரு வரி இருந்தால் காட்டியிருப்பான்.

"அப்ப கடை, கரன்ட்டு இதெல்லாம் ஒண்ணுமில்லையா?" என்றான் ஈனமான குரலில்.

"இருக்குது. கடைக்கு நன்றின்னு கீழ தனியா போடச் சொல்லு, நானே எழுதித் தர்றேன். அதை நான் மறைக்க மாட்டேன். இது மொழிபெயர்த்தவங்க லிஸ்ட்டு. முன்னாடி இருக்கிறதை அழி."

மணி ஐந்து ஐம்பது. ஷஃபி அழிப்பு விசையில் விரலை வைத்தான். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு எழுத்து. 'தங்கை' போனது, 'அவர்' போனது, 'மற்றும்' போனது. தன் பெயருக்கு வந்ததும் விரல் ஒரு கணம் நின்றது. ஃபாயிசா அவன் தோளுக்குப் பின்னாலிருந்து நகரவில்லை. அதையும் அழித்தான்.

"ஞாயித்துக்கிழமை ஷீல்டு..."

"நான் போறேன். நீயும் வா, பஸ்ல எடம் போட ஆள் வேணும்."

திரையில் 'ஃபாயிசா, மரக்காணம்' என்று மட்டும் நின்றிருந்தது. "அத்தா இனிஷியல் போடவா, வேணாமா?" என்று கேட்டான்.

வேண்டாம் என்றுதான் அவளுக்கு வாய் வரை வந்தது. யாருடைய ஒட்டும் வேண்டாம், யாருடைய நிழலும் வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

"போடு" என்றாள். "அவராவது வாயைத் தொறந்து என் பேரைச் சொன்னாரு."